மிக்கேல்ராஜ் தேர்ந்தெடுத்த ஒற்றையாள் படகு

என் தங்கை வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் மோட்டார் மெக்கானிக். கிணற்று மோட்டார்தான் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் மனிதருக்குக் கிணறு என்றால் பயம். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கிணற்று விளிம்பில் நிற்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் யாரும் சிரித்ததில்லை.

என் பெயர் ஆரோக்கியதாஸ். திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் வேலை. தண்ணீர் சொம்பில் இருந்தால் எனக்குப் பிடிக்கும். அதைவிட ஆழமாக எங்கே இருந்தாலும் அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவனைத்தான் கடவுள் ஒரு குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு மனிதனின் உயிரைக் கயிற்றின் நுனியாகக் கையில் கொடுத்தார். அவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு மின்சாரம் வந்தது. அதுவரை மாடு பூட்டி, வடக்கயிற்றில் சால் என்ற பெரிய வாளியைக் கட்டிக் கமலை இறைத்தவர்கள் ஒவ்வொருவராக மோட்டார் வாங்கினார்கள். கிணறுகளோ அதலபாதாளம். மேலே மோட்டாரை வைத்தால் தண்ணீர் ஏறாது. கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் ஒரு திட்டு வெட்டி அங்கே வைப்பார்கள். மெக்கானிக் என்றால் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகளில் கால் வைத்து இறங்கித்தான் ஆக வேண்டும்.

மிக்கேல்ராஜ் தண்ணீர்ப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்குவார். கீழே பார்க்கவே மாட்டார். மேலே ஏறி வந்ததும் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும், தண்ணீரில் இறங்காமலே. “வேர்வைய்யா, உள்ள புழுக்கம்” என்பார். நானும் நம்பினேன்.

தொப்பம்பட்டியில் வேலுசாமி என்று ஒரு தோட்டக்காரர். அவர் கிணற்றில் ஒரு நாள் மிக்கேல்ராஜின் பொய் உடைந்தது. அன்று மழை பெய்து படி வழுக்கியது. புது ஆள் கிணற்றில் இறங்கினால் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நீச்சல் பழகுகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கட்டுவோம். வேலுசாமி நல்ல மனதோடு கயிற்றைக் கொண்டுவந்து கட்டினார். பாதி வழியில் மாப்பிள்ளையின் கால் சறுக்கியது. மேலே இருந்தவர்கள் கயிற்றை வெடுக்கென்று இழுத்துப் பிடித்தார்கள். கயிறு இடுப்பை இறுக்கியதுதான் தாமதம், மனிதர் கல்லைக் கட்டிக்கொண்டு அலறினார். “அவுத்து விடுங்க, அவுத்து விடுங்க!” கயிறுதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்பது அவருக்குத் தெரியவே இல்லை. நாலு பேர் இறங்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டுவந்து மேலே கிடத்தினார்கள்.

“ஏனுங்க மேஸ்திரி, ஒடம்புக்கு என்னங்க ஆச்சு?” என்றார் வேலுசாமி. அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பஸ் ஏறி மாப்பிள்ளைக்கு முன்பே திண்டுக்கல் வந்து சேர்ந்தது. மோட்டார் ரிப்பேர் என்று கதவைத் தட்டுகிறவர்கள் குறைந்தார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். என் தங்கை சகாயசெல்வி பகலில் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் கோயிலுக்குப் போனால் அந்தோணியார் முன்னால் முழங்கால் போட்டபடியே இருப்பாள், எழுப்பினால்தான் எழுந்திருப்பாள்.

நான்தான் பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன்.

“மாப்ள, நீங்க கப்பல் படையில இருந்த ஆளு. சமுத்திரத்தையே பாத்துட்டு வந்திருக்கீங்க. ஒரு கெணத்துக்குப் போயி இம்புட்டுப் பயந்தா எப்பிடி?”

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு, “சமுத்திரத்துலதான் மச்சான் புடிச்சுச்சு” என்றார்.

உலகச் சண்டைக் காலத்தில் அவர் பம்பாயில் இருந்தார். எஞ்சின் அறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சின்னப் பாய்மரப் படகுகளில் போட்டி வைப்பார்களாம். ஊரில் கண்மாயைத் தவிர ஒன்றும் பார்க்காத இந்த மனிதர் அதில் பைத்தியமாகிவிட்டார். அவரோடு படகில் ஏறுகிறவர் நிலக்கோட்டைப் பக்கத்து ஒச்சப்பன். ஒரே ஜில்லா என்பதால் ஒட்டிக்கொண்டவர்கள். மிக்கேல்ராஜ் சுக்கான் பிடிப்பார், ஒச்சப்பன் பாய்க்கயிறு பிடிப்பார். அந்தக் கயிற்றுக்கு ஒரே சட்டம்தான். கையில் மட்டும் பிடிக்க வேண்டும், எங்கும் கட்டக் கூடாது. காற்று திடீரென்று அடித்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். விட்டால் பாய் காற்றை உதறிவிடும், படகு நிமிர்ந்துகொள்ளும்.

“ஒச்சப்பன் கமலை எறச்ச வீட்டுப் புள்ள மச்சான். கயித்த விட்டா கெணத்துக்குள்ள போயிரும், ஒரு ஆளு எறங்கணும். சின்ன வயசுலயே அடிச்சுச் சொல்லிக் குடுத்திருக்காங்க, நுனிய எங்கிட்டாவது கட்டிட்டுத்தான் எதையும் செய்யணும்னு. அன்னைக்குக் காத்து கூடுதல். கயிறு கைய விட்டுப் போயிருமோன்னு பயந்து இடுப்புல ஒரு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுட்டான். நான் பாக்கல.”

காற்று அடித்தது. படகு கவிழ்ந்தது. பாய்க்கு அடியில் கிடந்த ஒச்சப்பனை இவர் தேடிப் பிடித்துவிட்டார்.

“முடிச்சு என் கையில கெடச்சுச்சு மச்சான். தண்ணிக்குள்ள தடவித் தடவிப் பாத்தேன். அவுக்க முடியல.”

  இத்தனை வருஷமாக இந்த மனிதர் ஒவ்வொரு கிணற்றிலும் இறங்கியது அந்த முடிச்சுக்குள்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. செல்விக்கு இதில் பாதிதான் தெரியும். சிநேகிதர் ஒருவர் கடலில் போய்விட்டார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருஷம் கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு காபித் தோட்டத்துத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். அவருடைய ஆயில் எஞ்சினைப் பழுது பார்க்க மாப்பிள்ளை போனார், துணைக்கு நானும் போனேன். ஷெட்டைத் திறந்ததும் மாப்பிள்ளை நின்றுவிட்டார். உள்ளே மூன்று பாய்மரப் படகுகள். துரை மேலே ஏரியில் ஓட்டியவை. கூலியோடு இதில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போ என்று துரை விளையாட்டாகச் சொன்னார். இவர் வினையாக எடுத்துக்கொண்டார்.

முதல் படகு நீளம், ஒல்லி, பளபளவென்று வார்னிஷ். பந்தயக் குதிரை மாதிரி நின்றது. அதன் விலாவை மாப்பிள்ளை தடவிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஷெட்டுக்குள், தரையில், உலர்ந்த மரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு சந்தோஷம் வந்தது. உடனே உடம்பு வெடவெடவென்று நடுங்கவும் ஆரம்பித்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“எறங்குங்க மாப்ள. வீட்டுக்குப் போவோம்.”

இறங்கினார். வீட்டுக்கு வரவில்லை. இரண்டாவது படகைப் பார்த்தார். “இதுக்கு ரெண்டு ஆளு வேணும்” என்று சொல்லி விலகிவிட்டார், தொடக்கூட இல்லை. மூன்றாவது ஒரு மூலையில் கோணிக்கு அடியில் கிடந்தது. குட்டை, அகலம், மூக்கு வெட்டுப்பட்ட மாதிரி மொட்டையாக இருந்தது. ஒரே பாய்.

“இது மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியில்ல?” என்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். தனியாகக் கரையில் இழுத்துப் போட முடியுமா என்று பார்க்கிறாராம். உள்ளே நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தார். வெளியே வந்து படகைப் பக்கவாட்டில் கவிழ்த்து, அடியில் நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையில் ஏறி நின்றார். அவர் பாரத்துக்குப் படகு நிமிர்ந்தது. மறுபடி கவிழ்த்தார், மறுபடி நிமிர்த்தினார். வேர்த்து ஊற்றும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

“அந்த நீளப் படகு இருவது வயசுக்காரன் ஓட்டுறது மச்சான். வேகம் போகும், ஆனா ஒரு தப்பக் கூடப் பொறுக்காது. எனக்கு இப்ப வேகம் வேணாம். கவுந்தா ஒத்த ஆளா நிமுத்த முடியணும். ஒரே பாய், ஒரே கயிறு. அதுவும் என் கையில மட்டும் இருக்கணும்.”

துரை வந்து, பெரியதில் இரண்டு பேர் போகலாமே, ஏன் சின்னதை எடுக்கிறாய் என்று கேட்டார்.

“இன்னொரு ஆளு வேணாம் தொரை” என்றார் மாப்பிள்ளை.

பிறகு என்னிடம் ஸ்குரூ டிரைவர் கேட்டார். பாய்க்கயிற்றைக் கட்டுவதற்கென்று படகின் உள்விளிம்பில் ஒரு பித்தளைக் கொக்கி இருந்தது. அதைக் கழற்றிப் பள்ளத்தில் வீசினார்.

“கெணத்துப் பயத்த கெணத்துல தீக்க முடியாது மச்சான். எங்க புடிச்சுச்சோ அங்கதான் விடணும். இல்லேன்னா இந்தத் தொழில விட்டுட்டு உங்க கிட்டங்கிக்கு மூட்ட தூக்க வந்துர்றேன்.”

வாழைத்தார் லாரியின் மேல் படகு மலையிறங்கி வந்தது. தெருவில் இறக்கியபோது கூட்டம் கூடிவிட்டது. செல்வி வாசலில் நின்று பார்த்தாள். சவப்பெட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் கோடை மழை தவறாமல் பெய்ததால் ஆனி பிறந்தும் ஊருக்கு மேற்கே இருந்த பெரிய குளத்தில் தண்ணீர் தளும்பியது. மாப்பிள்ளை மண்ணெண்ணெய் டின்களின் வாயை ஈயத்தால் அடைத்துப் படகுப் பலகைக்கு அடியில் திணித்துக் கட்டினார். தண்ணீர் புகுந்தாலும் படகு முழுகாதாம். தினமும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஆனால் குளத்துக்குக் கொண்டுபோகவில்லை. இரவில் தூக்கத்தில் அவர் விரல்கள் படுக்கை விரிப்பின் நுனியைப் பிய்த்துக்கொண்டே இருக்கும் என்று செல்வி என்னிடம் சொன்னாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் வண்டி பூட்டிப் படகை ஏற்றினார். செல்வியும் பிள்ளைகளும் நானும் கூடவே போனோம். குளத்து மடையைத் திறந்து அடைக்கும் காவல்காரர் ராமர் கரையிலேயே வழிமறித்தார்.

“வேணாம்யா. இந்தக் கொளம் வருசத்துக்கு ஒரு ஆளு கேக்கும். இந்த வருசம் இன்னும் கேக்கல.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். செல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வண்டிக்குப் போய், வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கயிற்றுச் சுருளை இழுத்து வந்தாள். எங்கள் அப்பாவின் கமலை வடம். அவர் தோட்டத்துக்கு மோட்டார் வைத்துக் கொடுத்ததே மாப்பிள்ளைதான், அதன் பிறகு சும்மா தொங்கிய கயிறு. கிணற்றுக் கயிறு இன்னொன்றையும் அதோடு சேர்த்து முடிந்திருந்தாள்.

“இதக் கட்டிக்கிட்டுப் போங்க. இல்லேன்னா நானும் பிள்ளைகளும் இப்பவே தண்ணியில எறங்குவோம்.”

மாப்பிள்ளை வெளிறிப்போனார். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“இடுப்புல கட்ட மாட்டேன் செல்வி. படகுப் பின்னாடி வளையத்துல கட்டிக்கிறேன். இந்த நுனி மச்சான் கையில சும்மா இருக்கட்டும். கயிறு தீந்து போச்சுன்னா விட்டுருவாரு. எதுலயும் கட்டக் கூடாது. சரியா?”

அவள் சரி என்றாள். நானும் சரி என்றேன்.

பாயை ஏற்றினார். சிலுவை போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்தார். காற்று எங்கள் முதுகுப் பக்கம், மேற்கிலிருந்து வந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு வயிறு உப்பி நின்றது. மாட்டுத் தொட்டி கரையை விட்டு நழுவியது. வடம் என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. அவர் முதுகு கட்டைபோல விறைத்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் தோள் தளர்ந்தது. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். ஷெட்டில் பார்த்த அந்தச் சந்தோஷம் மறுபடி முகத்தில் இருந்தது, இந்தத் தடவை நடுக்கம் இல்லாமல். 

காற்று கூடியது. படகு வேகம் பிடித்தது. என் காலடியில் இருந்த சுருள் மளமளவென்று கரைந்தது. நுனி வந்ததும் விடத் தயாராகக் கையைத் தளர்த்தினேன். நுனி வரவில்லை. எனக்குப் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். திரும்பினேன். கரையில் நின்ற பனைமரத்தில் வடத்தின் நுனி இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் செல்வி கட்டியிருந்தாள். தன் அப்பா கமலையில் போடுகிற அதே முடிச்சு.

வடம் விறைத்தது. ஓடிக்கொண்டிருந்த படகைப் பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து நிறுத்தின மாதிரி இருந்தது. பாய் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் அறைந்தது. படகு கவிழ்ந்தது.

தலை தெரிந்தது. உடனே உள்ளே போனது. மறுபடி தெரிந்தது.

“கால்! கயித்துல கால்! விடு! விடு!”

செல்வி “இழுங்கண்ணே, இழுங்க!” என்று கத்திக்கொண்டு வடத்தைப் பிடித்து இழுத்தாள். ராமரும் சேர்ந்து இழுத்தார். இழுக்க இழுக்க அவர் தலை அமுங்கியது. காற்று படகை அந்தப் பக்கம் தள்ள, நாங்கள் இந்தப் பக்கம் இழுக்க, நடுவில் அவர் காலைப் பிடித்த கயிறு இறுகிக்கொண்டே போனது. “இழுக்காத, செத்துருவாரு!” என்று அலறிக்கொண்டு நான் பனைமரத்துக்கு ஓடினேன். முடிச்சில் நகத்தை வைத்தேன். இரும்பாக இறுகியிருந்தது. நகம் பெயர்ந்தது. இடுப்பில் புகையிலைக் காம்பு வெட்டும் கத்தி இருப்பது நினைவு வந்து எடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அறுத்தா போயிருவாருண்ணே! இது ஒண்ணுதான் புடிச்சிருக்கு!”

“இதுதான் கொல்லுது செல்வி! பம்பாயில அந்த ஒச்சப்பன் செத்ததும் இப்பிடித்தான். கயித்தக் கட்டித்தான் செத்தான்!”

அவள் என்னைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள். தலை தெரியவில்லை. கத்தியை என் கையிலிருந்து பிடுங்கி அவளே அறுத்தாள். எங்கள் அப்பாவின் வடம், சாமானியத்தில் அறுகிற கயிறு இல்லை. “மாதாவே, மாதாவே” என்று ஒவ்வொரு இழுப்புக்கும் சொன்னாள். கடைசி இழை தெறித்தது. வடம் பாம்பாகச் சரிந்து தண்ணீருக்குள் போனது. அவள் கை வெறுங்கையாக நின்றது.

குளத்தில் கவிழ்ந்த படகு மட்டும் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை, இனி கேட்கவும் வேண்டாம்.

படகுக்கு அந்தப் பக்கம் ஒரு கை விளிம்பைப் பற்றியது.

அவர் இருமுகிற சத்தம் கரைவரை கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே தொங்கினார். பிறகு சுற்றி நீந்தி வந்து நடுப்பலகையில் ஏறி நின்றார். ஷெட்டில் வேர்த்து ஊற்றும்வரை செய்து பார்த்த அதே வேலை. மாட்டுத் தொட்டி நிமிர்ந்தது. டின்கள் அதைத் தாங்கின. அதன் மொட்டை மூக்கைக் கேலி செய்த என் வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உள்ளே விழுந்து, கட்டி வைத்திருந்த சொம்பால் தண்ணீரை இறைத்தார். திரும்பி வந்துவிடுவார் என்று பார்த்தோம். அவரோ பாய்க்கயிற்றைக் கையில் எடுத்தார். எதிர்க்கரை வரைக்கும் போனார். அங்கிருந்து எதிர்காற்றில் நேராக வர முடியாது, இப்படியும் அப்படியும் கோணலாகத்தான் வர வேண்டும். அவர் வந்து சேருவதற்குள் செல்விக்கு ஒரு வயது கூடிப்போனது.

கரையேறியதும் அவள் காலில் விழப்போனாள். “நாந்தாங்க கட்டுனேன். பயந்து கட்டிட்டேன்.”

அவர் பனைமரத்துக்குப் போனார். மரத்தோடு நின்றுபோயிருந்த முடிச்சை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“இதே முடிச்சுதான் மச்சான்” என்றார். “அவன் மேல எனக்கு இம்புட்டு நாளும் கோவம். சொன்னதக் கேக்கலியேன்னு. என் மேலயும் கோவம், பாக்கலியேன்னு. அவன் இவள மாதிரிதான். பயந்துட்டான், பாவம்.” பனைமரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். செல்வி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசிவரை அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.

ஆவணியில் வேலுசாமி ஆள் அனுப்பினார். மோட்டார் நின்றுவிட்டது, வெங்காயப் பயிர் காய்கிறது, மேஸ்திரி வர முடியுமா என்று. வேறு மெக்கானிக் கிடைக்கவில்லையா, இல்லை மனிதரின் நல்ல மனதா, தெரியாது. மாப்பிள்ளை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சிரித்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். படி இன்னும் வழுக்கத்தான் செய்தது. அவர் விளிம்பில் நின்று வேட்டியை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். பயம் எங்கேயும் போய்விடவில்லை.

“கவுறு கட்டிக்குங்க மேஸ்திரி” என்றார் வேலுசாமி, கயிற்றைத் தயங்கித் தயங்கி நீட்டியபடி.

“கட்ட வேணாங்க. ஒரு நுனி என் கையில இருக்கட்டும். இன்னொரு நுனிய மச்சான் புடிக்கட்டும். அவருக்குத்தான் விடத் தெரியும்.”

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். நான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். திட்டுக்குப் போய்ச் சேரும் முன் கல் உருண்டு தண்ணீரில் விழுந்தது. கயிறு என் கையில் இறுகியது. மேலே நின்றவர்கள் எல்லாரும் “இழுங்க, இழுங்க” என்று கத்தினார்கள்.  என் கை இழுக்கத்தான் துடித்தது.

கீழிருந்து குரல் வந்தது. “விடுங்க மச்சான்.”

நான் விட்டேன். கயிறு முழுவதும் கிணற்றுக்குள் போய் விழுந்தது.  ரொம்ப நேரம் கழித்து உள்ளே மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது.